கே1ஜேடி: ஜோ டெய்லர் என்ற ஹாம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ (தொழிலுக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக வானொலியில் தொடர்பு கொள்வது) லைசென்ஸ் வந்த கையோடு, மெல்லிய சிக்னலையும் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொள்ளும் புதியவர்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதி ரிக் (ரேடியோப் பெட்டி), கேபிள், ஆன்டெனா சம்பந்தமானவை. மீதிப் பாதி “இந்த ஜேடி யார் சார்?” என்று தொடங்கி எங்கெங்கோ போகும். இந்த இரண்டாவது பாதியை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மோர்ஸ் கீயில் பழகியவன். கணினி வழியே சின்னச் சின்னச் செய்தி அனுப்பும் எஃப்டி8 என்ற முறை வந்த புதிதில் அதைக் கண்டாலே பிடிக்காது. அந்தச் சாய்வு சில பதில்களில் எட்டிப் பார்க்கும்.

ஜேடி என்றால் யார்?

ஜோசப் டெய்லர். சுருக்கமாக ஜோ டெய்லர். அவருடைய கால்சைன், அதாவது வானொலியில் அவரை அடையாளம் காட்டும் குறி, கே1ஜேடி. 1941 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். இயற்பியலுக்கான 1993ஆம் ஆண்டு நோபல் பரிசை ரஸ்ஸல் ஹல்ஸ் என்பவரோடு பகிர்ந்துகொண்டார். நோபல் வாங்கிய விஞ்ஞானி ஓய்வு நேரத்தில் ரேடியோவைத் தொட்டுப் பார்த்தார் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். முதலில் ஹாம், பிறகுதான் விஞ்ஞானி.

மென்பொருளின் பெயரிலேயே அவர் இருக்கிறார். டபிள்யூஎஸ் என்பது நலிந்த சிக்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ஜேடி என்பது ஜோ டெய்லர். ஜேடி65 என்றால் ஜோ டெய்லரின் 65 தொனிகள். எஃப்டி8 என்றால் ஃபிராங்க், டெய்லர் இருவரின் 8 தொனிகள். இந்த ஃபிராங்க் யார் என்பது பின்னால் வரும்.

சிறு வயதில் எப்படி ஹாம் ஆனார்?

அண்ணனோடு சேர்ந்து. நியூஜெர்சி மாநிலத்தில் டெலாவேர் ஆற்றங்கரையை ஒட்டிய சின்னமின்சன் என்ற ஊரில், மூன்று மாடிப் பழைய பண்ணை வீடு அவர்களுடையது. குவேக்கர் குடும்பம். அண்ணன் ஹால், தம்பி ஜோ. இருவரும் பதின்வயதிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள். ஜோவுக்கு அது கிடைத்தது 1954இல். இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய ரேடியோ சாமான்கள் அப்போது மலிவாகக் கிடைத்தன. அவற்றோடு பழுதான டிவிப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பாகங்களையும் சேர்த்து டிரான்ஸ்மிட்டர்களும் ரிசீவர்களும் கட்டினார்கள். மூன்றாவது மாடியில் பெரும்பகுதி அவற்றால் நிரம்பியது.

கூரைக்கு மேலே சுழலும் பெரிய ஆன்டெனாக்களையும் ஏற்றினார்கள். அப்படி ஒரு தடவை ஏற்றும்போது வீட்டின் செங்கல் புகைபோக்கியையே கூரை மட்டத்தோடு சீவித் தள்ளிவிட்டார்கள். பெற்றோர் அரண்டுபோனதை நோபல் பரிசுக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் டெய்லரே சொல்லியிருக்கிறார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் டைபோல் ஆன்டெனா கட்டப் போய் குழாயை உடைத்தவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் இந்தக் கதையை வீட்டில் சொல்லிப் பார்க்கலாம். பலன் இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பள்ளிப் பையனாக இருந்தபோதே கட்டுரை எழுதினாராமே?

ஆமாம். 1958 டிசம்பர் மாத ‘கியூஎஸ்டி’ இதழில். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்தும் பத்திரிகை அது. அப்போது அவருக்கு வயது 17. அப்போதைய கால்சைன் கே2ஐடிபி. வானின் உயரத்தில் ரேடியோ அலைகளைத் திருப்பியனுப்பும் அயனமண்டலத்தில் பட்டுச் சிதறிவரும் மெல்லிய சிக்னல்களைக் கொண்டு 50 மெகாஹெர்ட்ஸில் தொலைதூரத் தொடர்பு கொள்வது எப்படி என்பதுதான் பொருள்.

இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்: மெல்லிய சிக்னல், 50 மெகாஹெர்ட்ஸ். ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து எஃப்டி8ஐ உருவாக்கியபோது மனதில் வைத்திருந்த முக்கியமான பயன்களில் ஒன்று, அதே 50 மெகாஹெர்ட்ஸில் கொஞ்ச நேரமே திறந்து மூடிக்கொள்ளும் அயனமண்டலப் பாதைகளைப் பிடிப்பது. மனிதர் அந்தப் பையன் விட்ட இடத்திலேயேதான் தொடர்ந்திருக்கிறார்.

நோபல் எதற்குக் கிடைத்தது? அதற்கும் ஹாம் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்?

ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் 1963இல் இயற்பியல் பட்டம். அங்கேயே படிப்பின் இறுதித் திட்டமாக ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டினார். பிறகு ஹார்வர்டில் வானியல் முனைவர் பட்டம். வானத்து ரேடியோ மூலங்களை நிலா கடந்துபோய் மறைக்கும்போது சிக்னல் எப்படி மங்குகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆய்வு. அதை முடித்த 1968இல்தான் கேம்பிரிட்ஜிலிருந்து பல்சர் (சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. ஜோசலின் பெல் முதலில் கவனித்த அந்தத் துடிப்புகளின் பின்னால் டெய்லரும் போனார்.

1974 கோடையில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவராக இருந்த ஹல்ஸ், புவர்ட்டோ ரீக்கோவின் அரசிபோ தொலைநோக்கியில் பல்சர் தேடிக்கொண்டிருந்தார். 305 மீட்டர் அகலக் கிண்ணம். கணினியின் நினைவகமோ வெறும் 32 கே. இரைச்சலுக்கு மேல் இவ்வளவு உயரம் தலைதூக்கினால் மட்டுமே சிக்னல் என்று எண்ணுவோம் என ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டியது ஒரு சிக்னல். 59 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு. அந்த 59 மில்லிநொடியும் நிலையாக இல்லை, ஏறி இறங்கியது. காரணம், அந்தப் பல்சர் இன்னொரு நியூட்ரான் விண்மீனோடு சேர்ந்து 7 மணி 45 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிவருகிறது.

இருவருமாகக் கண்டுபிடித்தது இவ்வளவு. அதன்பின் டெய்லரும் அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்கில் அந்தத் துடிப்புகளின் நேரத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். சுற்றும் காலம் ஆண்டுக்கு 76 மைக்ரோநொடி குறைகிறது, சுற்றுப்பாதை ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் சுருங்குகிறது என்று தெரிந்தது. ஈர்ப்பலையாக ஆற்றல் வெளியேறினால் எவ்வளவு சுருங்கவேண்டும் என்று ஐன்ஸ்டைனின் கோட்பாடு சொன்னதோ அதே அளவு. ஈர்ப்பலையை லைகோ கருவிகள் நேரடியாகப் பிடித்தது 2015இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உண்டு என்று கணக்குக் காட்டியது இந்த வேலைதான்.

ஹாமோடு சம்பந்தமா? பல்சரைத் தேடுவது என்பது, எந்த வடிவில் வரும் என்று ஓரளவு தெரிந்த ஒரு மெல்லிய சிக்னலை இரைச்சல் குவியலிலிருந்து கணக்கால் பிரித்தெடுப்பது. டபிள்யூஎஸ்ஜேடி செய்வதும் அட்சரம் பிசகாமல் அதே வேலை. எது எதைப் பெற்றது என்று பிரிக்கவே முடியாது.

டபிள்யூஎஸ்ஜேடி எப்போது, எதற்காக வந்தது?

2001இல், எரிநட்சத்திரங்களுக்காக.

எரிகல் ஒன்று காற்றில் எரிந்துபோகும்போது பின்னால் அயனிகளாலான ஒரு கோடு விழும். நொடியில் ஒரு பங்கு நேரத்துக்கு அது ரேடியோ அலையைத் திருப்பியனுப்பும் கண்ணாடி ஆகிவிடும். அந்தக் கணத்தில் ‘பிங்’ என்று ஒரு துணுக்கு சிக்னல் வரும். இதை வைத்துப் பேசும் ஹாம்கள் முன்பே இருந்தார்கள். ஐரோப்பாவில் மோர்ஸை மிக வேகமாக அனுப்பி, டேப்பில் பதிவுசெய்து, பின்பு மெதுவாக ஓடவிட்டுக் கேட்பார்கள். அசாத்தியப் பொறுமை வேண்டிய வேலை.

டெய்லர் அந்த வேலையைக் கணினியின் சவுண்ட் கார்டிடம் கொடுத்தார். எஃப்எஸ்கே441 என்ற முறை நொடிக்கு 441 தொனிகளை அனுப்பும். ஒரு சின்னப் பிங் கிடைத்தாலும் அதில் கால்சைன் முழுதாக அடங்கிவிடும். அதற்கென்று தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் ரிக், வீட்டில் இருக்கும் கணினி, நடுவில் ஆடியோ கேபிள், இவை போதும். இன்று அதே வேலைக்கு எம்எஸ்கே144 பயன்படுகிறது. ஆகஸ்ட் பெர்சீட், டிசம்பர் ஜெமினிட் எரிகல் பொழிவுகளின்போது ஒரு பொழுதாவது உட்கார்ந்து பாருங்கள்.

நிலாவில் பட்டுத் திரும்பும் சிக்னலில் பேசலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 1953இலேயே இரண்டு அமெரிக்க ஹாம்கள் 144 மெகாஹெர்ட்ஸில் தங்கள் எதிரொலியை நிலாவிலிருந்து கேட்டுவிட்டார்கள். 1960 ஜூலையில் இரு நிலையங்களுக்கிடையே முதல் நிலாவழிப் பேச்சு 1296 மெகாஹெர்ட்ஸில் நடந்தது. போய்த் திரும்ப இரண்டரை நொடி ஆகும். வழியில் இழப்பு கொடூரமானது: 144 மெகாஹெர்ட்ஸில் 250 டெசிபலைத் தாண்டும் (ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு). அதனால் நீண்டகாலம் இது, கொல்லைப்புறத்தில் ஆன்டெனாக் காடே வளர்க்க இடமும் பணமும் உள்ளவர்களின் விளையாட்டாகவே இருந்தது.

2003இல் டெய்லர் கொண்டுவந்த ஜேடி65 அதை உடைத்தது. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 47 நொடி எடுத்துக்கொண்டு ஒரே செய்தியை மெதுவாக அனுப்பும். செய்தி 72 பிட்தான். அதைப் பிழைதிருத்தக் குறியீட்டால் பலமடங்கு ஊதிப் பெருக்கி அனுப்புவதால், பாதிக்குமேல் சிதைந்து வந்தாலும் மீட்டுவிடலாம். ஒற்றை நீள யாகி ஆன்டெனாவும் சில நூறு வாட் ஆம்ப்ளிஃபையரும் வைத்திருந்தவர்கள், மறுமுனையில் பெரிய நிலையம் இருந்தால் நிலாவழிப் பேச முடிந்தது.

சண்டையும் வந்தது. ஜேடி65இல் ‘டீப் சர்ச்’ என்று ஒரு வசதி உண்டு. வந்த சிக்னலை, கைவசம் உள்ள கால்சைன் பட்டியலோடு ஒப்பிட்டு எது பொருந்துகிறது என்று பார்க்கும். “பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊகித்தால் அது கேட்டதாகுமா?” என்று பழைய நிலா ஆட்கள் கொதித்தார்கள். என் கருத்தைக் கேட்டால், அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால், இரைச்சலில் அரைகுறையாகக் கேட்ட மோர்ஸை “ஓ, இது இன்னார்தான்” என்று நம் மூளையும் அப்படித்தான் நிரப்பிக்கொள்கிறது. நாம் அதைத் திறமை என்று சொல்லிக்கொள்கிறோம்.

இன்னொரு துணுக்கு. 2010 ஏப்ரலில் அரசிபோ கிண்ணத்தையே ஹாம்கள் சில நாள் இரவல் வாங்கி, கேபி4ஏஓ என்ற கால்சைனில் 432 மெகாஹெர்ட்ஸில் நிலாவழிப் பேசினார்கள். கையில் பிடித்த சின்ன யாகியை நிலாவை நோக்கித் திருப்பியவர்களுக்கெல்லாம் சிக்னல் கேட்டது. அந்தக் குழுவில் டெய்லரும் இருந்தார். 1974இல் அவருடைய பல்சரைப் பிடித்த அதே கிண்ணம். 2020 டிசம்பர் 1 அன்று அது இடிந்து விழுந்துவிட்டது.

விஸ்பர் என்பது என்ன? அதில் யாரும் யாரோடும் பேசுவதில்லையே?

பேசுவதில்லை. அதுதான் அதன் அழகு. 2008இல் டெய்லர் வெளியிட்டார். உங்கள் டிரான்ஸ்மிட்டர் “நான் இன்னார், உலக வரைபடத்தின் இந்தக் கட்டத்தில் இருக்கிறேன், இத்தனை பவர் விடுகிறேன்” என்று மட்டும் சொல்லும். கால்சைனுக்கு 28 பிட், இருப்பிடக் கட்டத்துக்கு 15, பவருக்கு 7. ஆக 50 பிட். இதைச் சொல்லிமுடிக்க 110 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சிக்னலின் அகலம் வெறும் 6 ஹெர்ட்ஸ். உலகெங்கும் கேட்டவர்களின் கணினிகள், தாம் கேட்டதை இணையத்தில் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிடும்.

கால் வாட் கூட இல்லாத பவரில் கண்டம் தாண்டலாம். கட்டைவிரல் அளவு டிரான்ஸ்மிட்டரை ஒரு சூரியத் தகட்டோடு பலூனில் கட்டிவிட்டு, அது உலகைச் சுற்றுவதை வீட்டிலிருந்து பார்க்கும் ஹாம்கள் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கனடாவின் யூக்கான் வானில் அமெரிக்கப் போர்விமானம் ஒரு மர்மப் பொருளைச் சுட்டு வீழ்த்தியது அல்லவா? இல்லினாய்ஸ் மாநில ஆர்வலர் குழு ஒன்றின் பலூன் அதே சமயத்தில் அந்தப் பக்கம் காணாமல்போனது. அதுதான் இது என்று யாரும் உறுதிசெய்யவில்லை. பெரிய ஏவுகணை, சின்னப் பலூன் என்று ஹாம்கள் மட்டும் சிரித்துக்கொண்டார்கள்.

உருப்படியான பயன், அயனமண்டலத்தின் நாடித்துடிப்பு. 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்தின்போது நிழல் அமெரிக்காவைக் கடக்கையில் பாதைகள் எப்படி மாறின என்று ஹாம்களின் பதிவுகளிலிருந்து ஆய்வாளர்கள் படித்தார்கள். ஆய்வகம் கட்டாமல் ஆயிரக்கணக்கான அளவீடு.

காணாமல்போன மலேசிய விமானத்தை விஸ்பர் பதிவுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று காணொளிகள் சொல்கின்றனவே?

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. எம்எச்370 மறைந்தது 2014 மார்ச் 8 அன்று. அந்த இரவின் விஸ்பர் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. சிக்னல்களின் பாதையை விமானம் குறுக்கிட்டிருக்கும், அந்தச் சின்ன மாற்றத்தை வைத்து அது போன வழியைக் காணலாம் என்பது வாதம்.

விஸ்பரை உண்டாக்கியவரே இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டார். காரணத்தை நாமே யோசிக்கலாம். அந்தப் பதிவேட்டில் என்ன இருக்கிறது? இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி: யார் யாரைக் கேட்டார், எந்த அலைவரிசை, சிக்னல் எத்தனை டெசிபல், எத்தனை ஹெர்ட்ஸ் நகர்ந்தது. அவ்வளவே. விமானமே இல்லாத இரவிலும் அயனமண்டலம் அந்த டெசிபல் எண்ணைப் பத்து வரை தூக்கும், இறக்கும். அனுப்பியவருக்கும் கேட்டவருக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் ஒரு விமானத்தில் பட்டுச் சிதறிவரும் சக்தியோ நேரடிச் சிக்னலை விடப் பற்பல பத்து டெசிபல் கீழே. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் யாரோ ஒருவர் கொலுசு போட்டு நடந்தார் என்பதை, மறுநாள் ஊர்ச் சத்தம் எத்தனை டெசிபல் என்ற குறிப்பைப் பார்த்துச் சொல்வது போன்றது. விமானத்தில் இருந்த 239 பேருடைய குடும்பங்களின் காத்திருப்பு இதில் இருக்கிறது. அதனால்தான் இத்தகைய காணொளிகளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

எஃப்டி8 எப்படி வேலை செய்கிறது? எளிமையாகச் சொல்ல முடியுமா?

2017 ஜூன் கடைசியில் வந்தது. 15 நொடிக்கு ஒரு முறை மாறிமாறிப் பேசும் முறை. ஒருவர் பேசும் 15 நொடியில் மற்றவர் கேட்கவேண்டும்.

ஒவ்வொரு செய்தியும் 77 பிட். வழக்கமான ஒரு செய்தியில் இரண்டு கால்சைன், ஒரு கட்டம் அல்லது சிக்னலின் வலுவைச் சொல்லும் ரிப்போர்ட். கால்சைனை ஏன் 28 பிட்டில் அடைக்க முடிகிறது? முதல் எழுத்துக்கு 37 வாய்ப்பு, அடுத்ததற்கு 36, எண்ணுக்கு 10, பின்னால் மூன்று இடங்களுக்குத் தலா 27. பெருக்கினால் 26 கோடியே 21 லட்சத்துச் சொச்சம். 28 பிட்டின் கொள்ளளவு 26 கோடியே 84 லட்சம். கிட்டத்தட்ட இடமே மிச்சமில்லை. உலகத்தைப் பிரித்த கட்டங்கள் 180 பெருக்கல் 180, அதாவது 32,400. 15 பிட்டில் 32,768 அடங்கும். பழைய லாரிக்காரர் சரக்கேற்றுவது போல இடுக்கு விடாமல் அடுக்கியிருக்கிறார்கள். சென்னையின் கட்டம் என்கே03, மதுரை எம்ஜே99, டெய்லரின் பிரின்ஸ்டன் எஃப்என்20.

இந்த 77க்கு, செய்தி பழுதில்லாமல் வந்ததா என்று சோதிக்க 14 பிட், பிழைதிருத்த 83 பிட். மொத்தம் 174. ஒரு தொனிக்கு 3 பிட் என்றால் 58 தொனி. நேரமும் அலைவரிசையும் பிடிபட இடையிடையே 21 தொனி. ஆக 79. ஒவ்வொன்றும் 0.16 நொடி என்பதால் 12.64 நொடியில் முடிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு நொடிச் சொச்சத்தில் மறுமுனைக் கணினி படித்துவிட்டு, நீங்கள் யாருக்குப் பதில் சொல்வது என்று முடிவெடுக்கவேண்டும். சுயமாக எழுதவேண்டுமென்றால் 13 எழுத்து. “வணக்கம்” என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்பியிருக்கிறேன், இடம் போதும்.

சிக்னல் இரைச்சலுக்கு 21 டெசிபல் கீழே இருந்தாலும் எஃப்டி8 படிக்குமாமே, அது மாயமா?

மாயமில்லை. அந்த எண்ணைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளவேண்டும். 2500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் வரும் மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டுத்தான் மைனஸ் 21 என்கிறார்கள். சிக்னல் அந்த இரைச்சலில் 125இல் ஒரு பங்கு. ஆனால் ஒரு எஃப்டி8 தொனி உட்கார்ந்திருக்கும் இடம் 6.25 ஹெர்ட்ஸ் மட்டுமே. 2500ஐ 6.25ஆல் வகுத்தால் 400. டெசிபலில் அது 26. அந்தக் குறுகிய சந்துக்குள் மட்டும் பார்த்தால் சிக்னல் இரைச்சலை விட 5 டெசிபல் மேலேதான் நிற்கிறது. மீதியைப் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்கிறது. நல்ல காதுள்ள மோர்ஸ்காரரும் தன் மூளையில் ஒரு குறுகிய வடிகட்டியைத்தான் வைத்திருக்கிறார். கணினியின் வடிகட்டி இன்னும் குறுகலானது, தூங்கியும் வழியாது.

எஃப்டி8 ஹாம் ரேடியோவைக் கெடுத்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கு டீக்கடையில் பதில் சொன்னால் சண்டை வரும். எழுத்தில் சொல்கிறேன்.

குற்றச்சாட்டு இது: இரண்டு கணினிகள் பேசிக்கொள்கின்றன, மனிதர் பார்வையாளர். பெயர் இல்லை, ஊர் விசாரிப்பு இல்லை, “மழை எப்படி?” இல்லை. 14.074 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கூட்டம் நெரிகிறது, பக்கத்து மோர்ஸ் தெருவில் ஆளில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. இரவில் மோர்ஸில் கேட்டுக்கொண்டிருந்த சில கைகளை இப்போது எஃப்டி8 பட்டியலில் வெறும் எழுத்தாகப் பார்க்கிறேன். கை அடிக்கும் அழகு எழுத்தில் தெரியாது.

மறுபக்கமும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், பால்கனிக் கம்பியில் கட்டிய ஒயரும், சுற்றிலும் எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர்களின் இரைச்சலுமாக இருப்பவர் குரலில் பக்கத்து மாநிலம் கூடப் பிடிக்க முடியாது. எஃப்டி8இல் அவர் பிரேசிலைப் பிடிக்கிறார். சூரியப்புள்ளிகள் குறைந்து பேண்டுகள் (அலைவரிசைப் பட்டைகள்) செத்துக் கிடந்த 2018, 2019இல் பலரை ரிக்கை விற்கவிடாமல் வைத்திருந்தது இதுதான். பேண்டு செத்துவிட்டது என்று நாம் நினைத்த பல நேரங்களில் உண்மையில் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் என்பதையும் இதுவே காட்டிக்கொடுத்தது.

முழுத் தானியக்கத்தை டெய்லர் குழு வேண்டுமென்றே விலக்கிவைத்திருக்கிறது. ஒவ்வொரு தொடர்பையும் ஆள் தொடங்கவேண்டும். கவனிக்காமல் விட்டால் சில நிமிடத்தில் அனுப்புதல் தானாக நின்றுவிடும். ரோபோ போல இரவெல்லாம் ஓடவிடுகிறவர்கள் வேறு யாரோ மாற்றியமைத்த பதிப்புகளைத்தான் ஓட்டுகிறார்கள். பழியை அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

இதெல்லாம் ஒருவரே செய்ததா?

தொடக்கத்தில் பெரும்பாலும் அவரே. 2005இல் நிரலைத் திறந்த மூலமாக்கினார். அதன்பின் கைகள் சேர்ந்தன. ஸ்டீவ் ஃபிராங்க், கே9ஏஎன், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். எஃப்டி8இன் முதலெழுத்து இவர். பிரிட்டனைச் சேர்ந்த பில் சோமர்வில், ஜி4டபிள்யூஜேஎஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் மென்பொருள் ஒழுங்காக ஓடுவதற்கும், புதியவர்களின் ஓயாத சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதற்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். 2021 டிசம்பரில் காலமானார். இத்தாலியின் நிக்கோ பலேர்மோ, 2021இல் வந்த கியூ65 முறைக்கான குறியீட்டுக் கணிதத்தைத் தந்தவர்.

ஜேடி65இல் முதலில் இருந்த, சிக்னலைச் செய்தியாக மாற்றும் ஒரு டீகோடர் பகுதி திறந்த மூலமாக இருக்கவில்லை. வேறொருவரின் உரிமம் அதற்கு இருந்தது. அந்த உறுத்தல் தீர, ஃபிராங்கும் டெய்லரும் சொந்தமாக வேறொரு டீகோடர் எழுதி அதன் இடத்தில் வைத்தார்கள். பழையதை விட அது நன்றாகவே வேலை செய்தது. நிரல் திறந்திருப்பதால்தான் எஃப்டி8ஐ அடிப்படையாக வைத்து, மனிதர் தட்டச்சிட்டு அரட்டையடிக்கும் ஜேஎஸ்8கால் போன்ற பிள்ளைகள் பிறந்தன. வாசல் திறந்தே இருக்கிறது, காசும் கேட்பதில்லை. டெய்லர் 1980களின் தொடக்கத்திலிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1997 முதல் 2003 வரை ஆசிரியர் குழுவின் டீன். 2006இல் ஓய்வு. எஃப்டி8 ஓய்வுக்குப் பிறகு வந்தது, அவருடைய 76ஆவது வயதில்.

எல்லாம் சரியாக இணைத்தும் எனக்கு ஒரு வரி கூட விழவில்லை. ஏன்?

பத்தில் ஏழு பேருக்குக் கணினிக் கடிகாரம். ஒரு நொடிக்குள் சரியாக இருக்கவேண்டும். இணையத்தோடு நேரத்தை ஒத்திசைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்தது ஆடியோ அளவு. அதற்கும் அடுத்தது, தவறான சவுண்ட் கார்டைத் தேர்ந்திருப்பது. இந்த மூன்றும் இல்லையென்றால் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நான் ஒருமுறை மூன்று நாள் அலைந்து கடைசியில் கண்டது, நானே சரியாகப் பற்றவைக்காத ஒரு பிஎல்259 கனெக்டர்.

லைசென்ஸ் இல்லாமல் இதையெல்லாம் பார்க்க வழி உண்டா?

அனுப்ப, கட்டாயம் லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் அதற்கான தேர்வைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. நம் கால்சைன்கள் பெரும்பாலும் வியூ2 அல்லது வியூ3 என்று தொடங்கும். தேர்வு எழுதும்வரை, உலகெங்கும் ஆர்வலர்கள் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரிசீவர்களில் ஒன்றுக்குப் போங்கள். கிவிஎஸ்டிஆர் வகை ரிசீவரில் எஃப்டி8, விஸ்பர் இரண்டையும் படிக்கும் வசதி உள்ளேயே உண்டு. மாலை மங்கும் நேரத்தில் 7.074 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். முதலில் காதுக்கு, யாரோ ஒரே நேரத்தில் இருபது புல்லாங்குழலைத் தப்புத்தப்பாக ஊதுவது போலிருக்கும். 12 நொடிச் சொச்சம் கழித்து ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் திரையில் வரிகள் விழத்தொடங்கும். கால்சைனின் முதல் எழுத்துகளை வைத்து எந்த நாடு என்று ஊகித்துப் பாருங்கள். 4எஸ் என்று தொடங்கினால் இலங்கை, 9எம் என்றால் மலேசியா.